தலைமாட்டில் நிற்பவர்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

முதல் உலகப் போரில் மயக்கம் கொடுக்கக் கற்றுத்தந்த ஆர்தர் கெடல் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற ஹவில்தார். என் மகள் ராணுவ மருத்துவப் பிரிவில் கேப்டன். மயக்கவியலில் எம்.டி. முடித்து, ராணுவத்திலேயே ஆசிரியராக இருந்துவிடப் போவதாகச் சொல்கிறாள். சர்ஜன் ஆனால் பேரும் பணமும் வரும், மயக்க ஊசி போடுகிற டாக்டரை யாருக்குத் தெரியும், அதிலும் பாடம் நடத்தவா இத்தனை படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பணியை விட்டு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ தனியாகத் தொழில் தொடங்கச் சொல்லலாமா? ஓர் அட்டவணையால் உயிர்கள் பிழைத்தன என்று நீங்கள் எழுதியதும் சற்று மிகையல்லவா?

தங்கராஜ், களியக்காவிளை

அன்புள்ள தங்கராஜ்,

நாகர்கோவிலா, திருவனந்தபுரமா என்பதை உங்கள் மகள் பார்த்துக்கொள்வாள். ஹவில்தார் சம்பளத்தில் ஒரு பெண்ணை மருத்துவராக்கிய தகப்பனின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவள் தேர்ந்துகொண்ட வேலையைக் குறித்து உங்கள் கடிதத்தில் இருக்கும் இளக்காரத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மயக்கம் கொடுத்த கணத்திலிருந்து நோயாளியின் மூச்சும் ரத்த அழுத்தமும் அந்த மருத்துவரின் பொறுப்பு. அறுவை முடிந்து, பெயர் சொல்லி அழைத்தால் நோயாளி கண் திறக்கும் வரை அந்தப் பொறுப்பு அவர் தலையிலிருந்து இறங்குவதில்லை.

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்த தனியார் மருத்துவமனையில், அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதென்று மயக்க மருத்துவர் அம்மா முழுதாகத் தெளியும் முன்பே கிளம்பிவிட்டார். வார்டில் அம்மாவின் தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வீட்டார் அனைவரும் தூக்கம் என்றே எடுத்துக்கொண்டோம். ராணுவ மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றபின் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த பாறசாலைக்காரச் சிஸ்டர் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓடிவந்து, இரு கைகளாலும் அம்மாவின் தாடையை முன்னுக்குத் தூக்கி, வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாய்க்குள் செலுத்தினார். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்கு, “எங்கள் மேஜர் சார்” என்றார். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, மூக்கருகே கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர்களை வரிசையாக நிற்க வைத்து அவர் சொல்லித்தருவாராம். அந்த மேஜர் என் அம்மாவைப் பார்த்ததே இல்லை. பாடம் நடத்தவா படிப்பு என்று இனி யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

அந்தக் குழாய், 1933-ல் வெளிவந்த கெடல் ஏர்வேயின் வழிவந்தது. ஆனால் கெடலை நான் கொண்டாடுவது குழாய்க்காக அல்ல. 1883-ல் இண்டியானாவில் பிறந்து, 13 வயதில் விபத்தொன்றில் வலக்கை விரல்கள் மூன்றை இழந்து, 1908-ல் மருத்துவரானவர் அவர். அமெரிக்கா போரில் இறங்கியபின் பிரான்சுக்குப் போனார். அங்கே காயம்பட்டவர்கள் குவிந்துகொண்டிருந்தார்கள். மயக்கம் கொடுக்கப் பயின்றவர்களோ மிகக் குறைவு. மோட்டார் சைக்கிளில் மருத்துவமனை மருத்துவமனையாக ஓடியும் ஒருவரால் ஆகக்கூடியதல்ல என்று கண்டதும், செவிலியர்களுக்கும் மருத்துவமே படிக்காத ஆர்டர்லிகளுக்கும் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கக் கற்றுத்தரத் தொடங்கினார்.

முகத்தின் மேல் வைத்த துணி மூடியில் சொட்டுச் சொட்டாக ஈதர் விடும் முறை அது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று காட்டக் கருவி கிடையாது. குறைந்தால் நோயாளி திமிறுவார், வாந்தி எடுப்பார். கூடினால் மூச்சு நின்றுவிடும். கெடல் மயக்கத்தை நான்கு நிலைகளாகவும், அறுவைக்குரிய மூன்றாம் நிலையை நான்கு படிகளாகவும் வகுத்து, ஒவ்வொன்றிலும் உடல் காட்டும் குறிகளை அட்டவணையாக்கினார். முதல் படியில் விழிகள் உருளும், அடுத்த படியில் அசைவற்று நிற்கும், இன்னும் ஆழத்தில் விலாத் தசைகள் தளர்ந்து கடைசியில் மூச்சுக்கு வயிறு மட்டுமே அசையும், நான்காம் நிலையில் அதுவும் நின்றுபோகும். இமையையும் விழியையும் விலாவையும் பார்க்கத் தெரிந்த எவரும் எப்போது சொட்டை நிறுத்த வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம். அந்தப் பார்வையைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஆர்டர்லியின் கையில் கொடுத்த மனிதரைப் பற்றி மிகை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது, தங்கராஜ்? நீங்களே பட்டாளத்தில் இருந்தவர். காயம்பட்டவனுக்கு அருகில் முதலில் யார் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

1942-ல் மான்ட்ரியலில் ஹரோல்ட் கிரிஃபித் அறுவைக்குக் குராரே என்ற தசை தளர்த்தும் மருந்தைப் பயன்படுத்தியபின், மருந்தே தசைகளையும் மூச்சையும் செயலிழக்கச் செய்ததால் அந்த அட்டவணையின் பெரும்பகுதி பயனிழந்தது உண்மை. ஆனால் விரலில் மாட்டிய கருவியின் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் இன்றைய மாணவரை நோயாளியின் முகத்தைப் பார்க்கவைக்கவும் ஓர் ஆசிரியர் வேண்டியிருக்கிறது.

பெயர் தெரியாது என்ற குறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சின் சோம் போர்க்களத்தில் அறுவை செய்துவிட்டு, எவரெஸ்ட் ஏறப் போய், பிறகு நம் நெய்யூர் மிஷன் மருத்துவமனையையே பணிக்களமாக்கிக்கொண்ட சாமர்வெல்லை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நினைத்துப் பேசுகிறார்கள். அவர் கத்தி பிடித்தபோது தலைமாட்டில் நின்று மயக்கம் கொடுத்தவர் யாரென்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவர் நிற்காமல் சாமர்வெல் கத்தியை எடுத்திருக்க முடியுமா?

மகளின் வழியில் நிற்காதீர்கள். அவள் விடுப்பில் வரும்போது என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம் தெளியும் நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று, எல்லையின் இருபுறமும் உள்ள சிறிய மருத்துவமனைகளின் தியேட்டர் உதவியாளர்கள் படிக்கும்படி தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் அவள் எழுதித்தர வேண்டும். அச்சிடும் செலவு என்னுடையது.