ஃபோர்மட் அடிக்க முதல் பழைய டிஸ்கைக் கழட்டுங்கோ

கேள்வி: என்ர லப்டொப் 2019ல வாங்கினது, விண்டோஸ் 10. ஒன் பண்ணினா வேலை செய்ய பத்து நிமிசம் செல்லுது. கடையில காட்ட, ஃபோர்மட் பண்ணி புதுசா விண்டோஸ் அடிக்கோணும், சி டிரைவ் மட்டும்தான் அழியும், டியில கை வைக்க மாட்டம் எண்டு சொல்லினம். உள்ளுக்க அம்மாட பழைய படங்களும் பள்ளிக்கூட வேலைகளும் கிடக்கு. குடுக்கலாமோ, நானே செய்யேலுமோ?
- ஒரு ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: நீங்களே செய்யேலும் டீச்சர். ஆனா அந்தப் படங்கள் எங்க கிடக்கு எண்டு முதல்ல பாருங்கோ. டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூண்டும் நீங்க மாத்தி வைக்காட்டி சிக்குள்ளதான், சி மட்டும் அழியும் எண்டா அழியிறது அதுகள்தான். எங்கட சனம் 2009 போரில அல்பங்களை விட்டிட்டு உயிரோட வந்ததுகள், பிறகு வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஸ்கேன் பண்ணி அனுப்பின படம்தான் கனபேரிட்ட மிச்சம். அதுக்கு ரெண்டாவது கொப்பி இல்லாம ஒண்டையும் அமத்தாதேங்கோ.

டாஸ்க் மனேஜரில பெர்ஃபோமன்ஸ் எண்டதுக்க டிஸ்கைப் பாருங்கோ. எச்டிடி (உள்ளுக்க தட்டுச் சுத்துற பழைய வகை டிஸ்க்) எண்டு இருந்தா, அதே டிஸ்கில எத்தினை தரம் விண்டோஸ் அடிச்சாலும் கொஞ்ச நாளில திரும்ப இழுக்கும். கடைக்குக் குடுக்கிற காசில ஒரு எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கோ, பழைய டிஸ்கைக் கழட்டி வைச்சிட்டு புதுசில விண்டோஸ் அடியுங்கோ. அப்ப அழியிறதுக்கு ஒண்டுமே இல்லை, கை தவறி பிழையான பார்ட்டிஷனை (சி, டி மாதிரி டிஸ்கின்ர பிரிவை) டிலீட் பண்ணிப்போடுவமோ எண்ட பயமும் இல்லை. பழைய டிஸ்கை ஒரு யூஎஸ்பி கேசிங்குக்க போட்டா பென்ட்ரைவ் மாதிரித் திறக்கும்.

கழட்ட முதல் ரெண்டு வேலை இருக்கு. செட்டிங்ஸில டிவைஸ் என்கிரிப்ஷனோ பிட்லொக்கரோ (டிஸ்கைப் பூட்டி வைக்கிற வசதிகள்) ஒன்ல இருந்தா ஓஃப் பண்ணி முழுக்க முடியும் வரைக்கும் விடுங்கோ, இல்லாட்டி பிறகு வெளியில கொழுவேக்க 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டு மறிக்கும். மற்றது, பழைய விண்டோஸ் ஓடேக்கையே மைக்ரோசொஃப்ட் தளத்தில இருந்து விண்டோஸ் 11ஐ 8 ஜிபி பென்ட்ரைவில ஏத்தி வையுங்கோ, பென்ட்ரைவில இருக்கிறதெல்லாம் அழியும். விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அதால உங்கட மெஷின் 11ஐ எடுக்குமோ எண்டு பிசி ஹெல்த் செக் எண்ட மைக்ரோசொஃப்ட் அப்பில பாத்திட்டு 11ஐயே போடுங்கோ.

பற்றரியை நிரப்பி, சார்ஜரும் கொழுவி இருக்கட்டும், பாதியில கரண்ட் போனாலும் பரவாயில்லை. லப்டொப்பை ஒன் பண்ணேக்க பென்ட்ரைவால பூட் பண்ண (தொடங்க) டெல், லெனோவோவுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9. விண்டோஸின்ர லைசன்ஸ் கீ கேட்டா 'கீ இல்லை' எண்டதைக் குடுங்கோ, பழைய விண்டோஸ் ஒழுங்கா அக்டிவேட் ஆகி இருந்தது எண்டா லைசன்ஸ் மதர்போர்டோட சேர்ந்தது, நெட் வந்த உடன தானா எடுக்கும். ஆனா விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்த இடத்தில ஹோம்தான் போடோணும். வைஃபை காட்டாட்டி போனைக் கேபிளால கொழுவி யூஎஸ்பி டெதரிங் (போனின்ர நெட்டை லப்டொப்புக்குக் குடுக்கிறது) போடுங்கோ.

பிறகு வினாத்தாளைத் திறக்க 'அம்மா' எண்டு அடிச்ச இடத்தில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு இங்கிலீஷ் எழுத்து நிண்டா ஃபைல் பழுதாப் போச்சுது எண்டு பயப்பிடாதேங்கோ, அது அடிச்ச பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட் புது விண்டோஸில இல்லை, அவ்வளவுதான். பழைய டிஸ்கில விண்டோஸுக்குள்ள ஃபொன்ட்ஸ் எண்ட ஃபோல்டரில அது இருக்கு, எடுத்து இன்ஸ்டோல் பண்ணுங்கோ.