தியானத்துக்கு 12,000 ரூபாய் கட்ட வேண்டுமா?

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வண்டன்மேடு போய், ஏலக்காய் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏலம் நடக்கும் நாட்களில் மனசு படபடக்கிறது, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். தீட்சையோடு மூன்று கட்டத் தியானப் பயிற்சி, 12,000 ரூபாய் என்கிறார் ஓர் ஏஜென்ட். சம்பளத்தில் பிடித்துக் கட்டுவதாக முதலாளி சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம். சம்பளப் பிடித்தத்துக்குக் கையெழுத்தும் போடாதீர்கள். முதல் கட்டம் முடிந்ததும், 'அடுத்ததில்தான் பலன்' என்பார்கள். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று உங்களையே ஏஜென்டாக்கப் பார்ப்பார்கள். சர்டிபிகேட்டால் படபடப்பு அடங்காது.

உங்களைப் போலக் கணக்குத் துறையில் இருந்தவர் ஊ பா கின். 1948-இல் சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். தன் ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய சீடர் கோயங்கா பரப்பிய பத்து நாள் விபாசனா தியான முகாமில் இன்றும் சாப்பாடு, தங்குமிடம் உட்பட எதற்கும் கட்டணம் இல்லை. முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

உங்களுக்கு இப்போதைக்கு முகாம்கூடத் தேவையில்லை. போன் அடித்தால் உடனே எடுக்காமல் ஒரு மூச்சை நிதானமாக விட்டுவிட்டு எடுங்கள். ஒரு பில் முடிந்து அடுத்ததைத் தொடுமுன் உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனியுங்கள். ஜீப்பில் போனைப் பைக்குள் வைத்துவிட்டு முருகன் நாமமோ, ஜெபமோ, திக்ரோ, உங்களுக்குப் பழகியதைச் சொல்லுங்கள். மனம் ஓடத்தான் செய்யும். திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சியே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பயம் கூடும். விபத்து, அடி, திடீர் மரணம் பார்த்தவர்களுக்கு இது நடக்கும். பீதி வந்து நெஞ்சு அடைப்பவர்களுக்கும்தான். அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கண்ணைத் திறந்தே எதிரில் உள்ள பொருளைப் பாருங்கள், வெளியே எழும் சத்தங்களைக் கேளுங்கள், நடங்கள். குரல்கள் கேட்பவர், மனநல மருந்து சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் நீண்ட முகாமுக்குப் போகவே கூடாது. 'கர்மா கழிகிறது, தாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், வண்டன்மேடு கேரளத்தில் இருப்பதால், அந்த மாநிலத்தின் 1960-ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நான்கு மணி நேரத்துக்குள் ஒரு மணி நேர ஓய்வு. இதைக் கொடுக்காமல் சாப்பாட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு தியான வகுப்பு நடத்தும் முதலாளிகளையும், கண்டுகொள்ளாத அதிகாரிகளையும் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை முதலில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் தியானத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.