மனித உரிமைக்கும் நம்ம மாங்கூழுக்கும் என்ன சம்பந்தம்?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் வேலை செய்யும் ஒருவர், ‘மனித உரிமை மீறலுக்காக ஐரோப்பா வணிகத்தில் கை வைக்குமா?’ என்று கேட்டிருக்கிறார். வைக்கும். ஆனால் பெரும்பாலும் தடை போடுவதில்லை. வளரும் நாடுகளுக்குத் தரும் வரிச்சலுகையைத்தான் பறிக்கிறது.

இலங்கையைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்த வரிச்சலுகைத் திட்டத்துக்கு ‘ஜிஎஸ்பி’ என்று பெயர்; அதிலேயே கூடுதல் சலுகை தரும் பிரிவு ‘ஜிஎஸ்பி பிளஸ்’. அந்த ‘பிளஸ்’ வேண்டுமென்றால் சித்திரவதைத் தடை, குழந்தைகள் உரிமை உட்பட 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். போர்க்கால மீறல்களைக் காட்டி 2010-ல் அதை நிறுத்தினார்கள். ஆட்சி மாறிய பிறகு, 2017-ல் திரும்பக் கொடுத்தார்கள். நடுவில் அடி விழுந்தது ஆடை ஏற்றுமதிக்கு, அதாவது தையல் தொழிலாளர்களுக்கும் சேர்த்துத்தான். இந்த முறையில் எனக்கு உறுத்துவது அதுதான்.

இந்தியா ‘பிளஸ்’ பட்டியலில் இல்லை, சாதாரண ஜிஎஸ்பிதான். அதனால் அந்த 27 உடன்படிக்கைகளையும் கடைப்பிடித்தால்தான் சலுகை என்ற நிபந்தனை நமக்கு இல்லை. ஆனால் அடிப்படை மனித உரிமைகளையும் தொழிலாளர் உரிமைகளையும் கடுமையாக, தொடர்ந்து மீறினால் சாதாரண ஜிஎஸ்பியையும் பறிக்கலாம். உங்கள் ஆலையில் குழந்தைத் தொழிலாளர் உண்டா என்று வாங்குபவர் விசாரிப்பது வேறு விஷயம், அது எப்போதும் வரலாம்.