பைக் லீசிங்கா, பஸ்ஸா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஹட்டன் டவுன் துணிக்கடைக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். லீசிங்கில், அதாவது மாதத் தவணையில், பைக் எடுக்க யோசிக்கிறேன். ஆனால் பைக் வைத்திருந்த கடைப் பையன்களே இப்போது பஸ்ஸில் வருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அந்தப் பையன்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், தம்பி. 2022இல் பெட்ரோல் லீட்டர் 470 ரூபாய்க்கு ஏறி, எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்த புதிதில் பைக்குக்கு வாரம் 4 லீட்டர் என்று அளந்து கொடுத்தபோதே பலர் பஸ்ஸுக்கு மாறினார்கள். 2023இல் கியூஆரை எடுத்த பிறகும் சிலர் திரும்பவில்லை. பெட்ரோல் விலையை மாதக் கடைசியில் மாற்றுகிறார்கள். பஸ் கட்டணம் பொதுவாக வருடத்துக்கு ஒரு தடவை, ஜூலையில்தான் மாறும்.

லீசிங் எடுத்துத் தருகிறேன் என்று பைக் கடை வாசலில் நிற்கும் புரோக்கர் மாதத் தவணையை மட்டும்தான் சொல்வார். காப்புறுதி, வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம், டயர், நம் இறக்கங்களில் சீக்கிரமே தேயும் பிரேக் எல்லாம் உங்கள் தலையில். மே மாதம் மழை பிடித்தால் பாதி நாள் பைக்கை வீட்டில் விட்டு பஸ்ஸில்தான் போவீர்கள். தவணையும் கட்டி டிக்கெட்டும் எடுக்க வேண்டும்.

அதைவிட மோசம் 'ஓப்பன் பேப்பர்'. மலிவான பழைய பைக் என்று காட்டி, முன்னைய உரிமையாளர் திகதி போடாமல் கையெழுத்து வைத்த உரிமை மாற்றப் படிவத்தைக் கையில் திணிப்பார்கள். வண்டி இன்னமும் அவர் பெயரில். அதற்கு லீசிங் பாக்கி இருந்தால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர்தான் இருக்கும். ஒரு நாள் காலையில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், நீங்கள் கொடுத்த காசும் அதோடு போகும். முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டி இலக்கத்தைக் கொடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம், புரோக்கர் உங்கள் உறவுக்காரராக இருந்தாலும்.

சரி, பைக் தேவைப்படும் ஆளும் உண்டு. கடை எட்டு மணிக்குச் சாத்தி, கடைசி பஸ் அதற்கு முன்னமே போய்விட்டால் என்ன செய்வது? மெயின் ரோட்டில் இறங்கி தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு இருட்டில் நடப்பதா, த்ரீவீலருக்கு அழுவதா? வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் அப்படியென்றால் த்ரீவீலரே மலிவு. தினமும் அப்படியென்றால், ஒரு மாத த்ரீவீலர் காசைக் கூட்டி, தவணை, பெட்ரோல், காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகையோடு வைத்துப் பாருங்கள். பைக் குறைவாக வந்தால் எடுங்கள். அப்போதும் முன்பணத்தை புரோக்கர் கையில் கொடுக்காமல் கம்பனி கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள்.

இதற்கெல்லாம் காரணம் பஸ் நேரம். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் காலையில் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும், ராத்திரியில் இரண்டையும் காணக் கிடைக்காது. இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டு நேர அட்டவணை என்று எத்தனையோ வருடமாகப் பேசினார்கள். முறையிட 1955 என்று சொல்வார்கள். அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் இலக்கம், மாகாணம் தாண்டும் பஸ்களுக்கு. உங்கள் கொட்டகலை–ஹட்டன் தனியார் பஸ் மத்திய மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு. பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து, எழுத்தில் அங்கே கொடுங்கள்.