மெட்டிஸ் அட்டை எல்லாக் காட்டிலும் செல்லுமா?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில் வசிக்கிறோம். என் மனைவியின் பாட்டி மனிற்றோபாவின் றெட் றிவர் பகுதியில் மெட்டிஸ் (பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து தனிச் சமூகமாக உருவான மக்கள்) குடும்பமொன்றில் பிறந்தவர். பணம் கட்டினால் மெட்டிஸ் அட்டை கிடைக்கும் என்றும், அதை வைத்துக்கொண்டு கணவன் மனைவி இருவருமே கனடாவின் எந்தக் காட்டிலும் உரிமம் இல்லாமல் மூஸ் மான் வேட்டையாடலாம் என்றும் ஓர் அமைப்பின் முகவர் கூறுகிறார். இந்த இலையுதிர் காலத்தில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலேயே சூ சென்ற் மேரிக்கு வடக்கே போக நினைக்கிறோம். போகலாமா?

பதில்: அந்த அட்டையை நம்பிப் போகாதீர்கள். உங்கள் மனைவிக்கு உரிமை இருக்கக்கூடும். ஆனால் அதை வழங்கும் அதிகாரம் அந்த முகவருக்குக் கிடையாது. உங்களுக்கோ, திருமணத்தின் வழியாக எந்த வேட்டை உரிமையும் வந்து சேர்வதில்லை. நீங்கள் துப்பாக்கியைத் தூக்குவதாயிருந்தால், மற்ற ஒன்ராறியோ வாசிகளைப் போலவே வேட்டைப் பயிற்சி முடித்து, உரிமமும் மூஸுக்கான தனி அனுமதிச் சீட்டும் பெற வேண்டும்.

இந்த உரிமையின் வேர் கனடிய அரசியலமைப்பின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில், பழங்குடி மக்களின் உரிமைகளை ஏற்கும் 35ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு நடைமுறையில் உயிர் கொடுத்தது பவுலி வழக்கு. 1993 அக்டோபர் 22 அன்று ஸ்டீவ் பவுலியும் அவருடைய மகன் றொடியும் சூ சென்ற் மேரிக்கு அருகில் ஒரு காளை மூஸைச் சுட்டார்கள். சுட்ட நாள், நேரம், இடம், குளிர்காலத்துக்கான இறைச்சி என்ற விவரம் ஆகியவற்றைக் கையால் எழுதிக் கையொப்பமிட்டு, அந்தச் சீட்டை ஸ்டீவ் அதன் காதில் கட்டினார். அன்றைக்கே வீட்டுக்கு வந்த அதிகாரிகளிடம் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் உரிமமின்றி வேட்டையாடியதாக ஒரு வாரத்தில் வழக்குப் பதிவாயிற்று. கீழ் நீதிமன்றம் விடுவித்த பிறகும் அரசு மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாக இழுத்தடித்தது. உச்ச நீதிமன்றம் 2003 செப்டம்பர் 19 அன்று ஏகமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. குடும்பத்துக்கு இறைச்சி தேடிய இருவரை ஓர் அரசு பத்தாண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏற்றி இறக்கியது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத செய்தி.

அத்தீர்ப்பின்படி ஒருவர் தம்மை மெட்டிஸ் என அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும், வரலாற்று மெட்டிஸ் சமூகமொன்றோடு மூதாதையர் தொடர்பு இருக்க வேண்டும், அந்தச் சமூகம் இன்று அவரைத் தம்மவராக ஏற்றிருக்க வேண்டும். கலப்பு வம்சாவளி மட்டும் போதாது என்பதை நீதிமன்றம் தெளிவாகவே கூறியிருக்கிறது. முகவர்கள் விழுங்கிவிடுவது இதைத்தான். எங்கோ ஒரு பழங்குடி முப்பாட்டி இருந்தார் என்று ஒரு தாளைக் காட்டினால் போதும், அட்டை அச்சாகி வந்துவிடுகிறது. ஒன்ராறியோவில் மூஸ் சீட்டுக்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதால் இந்த அட்டைக்கு வாங்குவோர் குறைவதில்லை. அதிகாரியிடம் சிக்கும்போது இறைச்சியும் துப்பாக்கியும் பறிபோகக்கூடும், அபராதமும் விழலாம். அந்த நேரத்தில் முகவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். 2016ஆம் ஆண்டு டானியல்ஸ் தீர்ப்பையும் இவர்கள் நீட்டுவார்கள். மெட்டிஸ் மக்கள் தொடர்பான சட்டமியற்றும் பொறுப்பு மத்திய அரசுடையது என்பதே அத்தீர்ப்பின் சாரம். வேட்டை உரிமையை அது யாருக்கும் புதிதாகக் கொடுக்கவில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையமான இடத்துக்கு வருகிறேன். இது தனிமனிதர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கும் கொண்டுபோகும் உரிமையாக இல்லாமல், ஒரு சமூகத்துக்கும் அது காலங்காலமாக உணவு தேடிய நிலப்பரப்புக்கும் உரியதாக இருக்கிறது. சூ சென்ற் மேரிச் சமூகத்தோடு உங்கள் மனைவிக்கு மூதாதையர் தொடர்பு இல்லையென்றால், றெட் றிவர் வழிவந்த உரிமை அந்தக் காட்டில் அவரைக் காக்காது. ரொறன்ரோவில் குடியிருப்பதால் மட்டும் அவருடைய உரிமை அழிந்துவிடுவதும் இல்லை. பவுலியின் முன்னோர் சில காலம் பழங்குடி ஒதுக்கிடத்தில் வாழ்ந்திருந்தும் அவர்களுடைய மெட்டிஸ் அடையாளம் அதனால் கெடவில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆனால் உங்கள் மனைவி வேட்டையாட விரும்பினால் மனிற்றோபாவுக்குப் போக வேண்டும். அங்குள்ள மெட்டிஸ் கூட்டமைப்பு அவரை ஏற்றிருக்கவும் வேண்டும். தென்மேற்கு மனிற்றோபாவில் ஒரு வாத்து வேட்டை தொடர்பான குட்டன் வழக்கில் சாதகமான தீர்ப்பு வந்தது. 2012இல் மாகாண அரசும் கூட்டமைப்பும் அறுவடை ஒப்பந்தம் (வேட்டையாடியும் மீன்பிடித்தும் உணவு தேடுவது பற்றியது) செய்துகொண்டன. அங்கும் ஏற்கப்பட்ட எல்லைக்குள்தான் வேட்டையாடலாம். மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறுகிறது. அல்பேட்டா 2004இல் செய்த ஒப்பந்தத்தை 2007இல் முடித்துக்கொண்டு, மக்களை மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இந்தத் துண்டு துண்டான ஏற்பாட்டில் அரசுகளுக்கு வசதி இருக்கலாம். காட்டில் நிற்கும் குடும்பத்துக்கு எந்த வசதியும் இல்லை.

பொறுப்புகளும் உண்டு. அறுவடை உணவுக்கானது, விற்பனைக்கானதன்று. உறவினருக்கும் முதியோருக்கும் இறைச்சியைப் பகிர்வது மெட்டிஸ் வழக்கம். அதை நீங்கள் சமைத்து உண்பதில் தவறில்லை. துப்பாக்கி உரிமம், பாதுகாப்பு விதிகள், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி ஆகியவை மெட்டிஸ் வேட்டைக்காரருக்கும் பொருந்தும். விலங்கினத்தைக் காக்கத் தேவைப்படும் கட்டுப்பாடுகளை அரசு நியாயப்படுத்தினால் அவற்றுக்கும் உடன்பட வேண்டும்.

முதலில் பாட்டியின் பிறப்பு, ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடுங்கள். மெட்டிஸ் குடும்பங்களுக்கு நிலத்துக்கு ஈடாக அரசு வழங்கிய ஸ்கிரிப் பத்திரங்களின் பதிவுகள் கனடிய நூலக ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் இலவசமாகவே கிடைக்கின்றன. வின்னிபெக்கில் உள்ள சென் பொனிபாஸ் வரலாற்றுச் சங்கம் வம்சாவளி ஆய்வு செய்து தருகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. அந்த ஆவணங்களுடன் உங்கள் மனைவி மனிற்றோபா மெட்டிஸ் கூட்டமைப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்கட்டும். முகவருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால், எந்த வரலாற்றுச் சமூகம், எந்த நிலப்பரப்பு, எந்த மாகாணத்துடனான ஒப்பந்தம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.