சிஃப்ராவும் சர்க்கஸும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹங்கேரிய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான லிஸ்ட் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜ்யோர்ஜ் சிஃப்ரா என்ற ஹங்கேரியப் பியானோ கலைஞரை ஒரே வரியில் குறிப்பிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடினேன். கடந்த சில வாரங்களாக அவரைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நான் ஆறு ஆண்டுகளாக டிஜிட்டல் பியானோவில் மேற்கத்திய இசை பயில்பவள். என் ஆசிரியரிடம் சிஃப்ராவைப் பற்றிச் சொன்னபோது, "அது சர்க்கஸ், சங்கீதம் இல்லை. கேட்டுக் கையைக் கெடுத்துக்கொள்ளாதே" என்றார். அவர் மதிப்புக்குரியவர், சும்மா சொல்ல மாட்டார். ஆனால் எனக்குக் கேட்டது சர்க்கஸ் மட்டும் அல்ல. சிஃப்ராவை எப்படிப் புரிந்துகொள்வது? எதை முதலில் கேட்பது? லிஸ்டின் ஆறாவது ஹங்கேரிய ராப்சடியின் (நாட்டு மெட்டுகளைக் கட்டற்று விரிக்கும் பியானோ துண்டு) கடைசிப் பகுதியைப் பழக ஆசைப்படுகிறேன், ஆனால் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் முன்கை இறுகிவிடுகிறது. அது ஏன்?

நித்யா

அன்புள்ள நித்யா,

சிஃப்ரா உண்மையாகவே சர்க்கஸில் வாசித்தவர். அப்போது அவருக்கு வயது ஐந்து. கூட்டத்தில் யாராவது ஒரு மெட்டைச் சொல்ல வேண்டும். சிறுவன் அதை அங்கேயே பியானோவில் பிடித்து, விரித்து, அலங்கரித்து வாசிக்க வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது. சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தொடங்கியவர் அல்ல அவர். காதில் விழுந்ததைக் கையில் எடுத்து வளர்ப்பதில் தொடங்கினார். நம் சொல்லில் சொன்னால், அவருக்கு மனோதர்மம் முதலில் வந்தது, பாடாந்தரம் பிறகுதான் வந்தது. அவருடைய பெருமை, குறை இரண்டுக்கும் வேர் அங்கே இருக்கிறது. வேகம் அதிலிருந்து கிளைத்த ஒன்றுதான்.

புடாபெஸ்டில் 1921 நவம்பர் 5 அன்று ரோமா குடும்பத்தில் பிறந்தார். அப்பா சிம்பலோம் வாசிப்பவர். முதல் உலகப்போருக்கு முன் பாரிஸின் உணவகங்களிலும் கேளிக்கை விடுதிகளிலும் வாசித்துக் குடும்பத்தைக் காத்தவர். போர் வந்ததும் எதிரி நாட்டவர் என்று பிரான்ஸ் அவர்களை வெளியேற்றியது. புடாபெஸ்டில் கடும் வறுமை. நோஞ்சான் பிள்ளையான சிஃப்ரா, அக்கா பியானோ பழகுவதைப் படுக்கையிலிருந்து பார்த்துப் பார்த்தே விரல்களின் வழியைக் கற்றுக்கொண்டார். ஒன்பது வயதில் லிஸ்ட் இசைக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அங்கே இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான டோனான்யியின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம்.

அப்பாவின் சிம்பலோமைக் கொஞ்சம் கவனியுங்கள். சரிவகப் பெட்டியின் மேல் கம்பிகளை இழுத்துக் கட்டி, பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்டி வாசிக்கும் கருவி அது. தட்டிய கம்பியின் ஒலி விரைவில் மங்கும். எனவே ஒரு சுரத்தை நீட்ட வேண்டுமென்றால் இரண்டு குச்சிகளாலும் அதையே மாற்றி மாற்றி அதிரத் தட்ட வேண்டும். ரோமா வாத்தியக் குழுக்களின் இசையில் இந்த அதிர்வு நிறைய வரும். லிஸ்ட் தன் ஹங்கேரிய ராப்சடிகளில் பியானோவில் கொண்டுவர முயன்றது இதைத்தான். பதினோராவது ராப்சடியின் தொடக்கத்தில் 'சிம்பலோம் போல' என்று அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். மெதுவாகப் புலம்பும் லஷ்ஷான் பகுதி, பிறகு வேகமெடுக்கும் ஃபிரிஷ்கா பகுதி என்ற அமைப்பும் அந்தக் குழுக்களிடமிருந்து வந்ததே. இந்தப் பாணியில் அடிக்கடி வரும் ஹங்கேரிய மைனர் சுர வரிசை நம் சிம்மேந்திர மத்தியம ராகத்தின் சுரங்களேதான். உங்கள் காது அதை உடனே அடையாளம் கண்டிருக்கும்.

இப்போது ஆறாவது ராப்சடியின் மூன்றாம் பகுதியை எடுங்கள். அந்த ஆண்டாண்டேயின் (மிதமான மெதுநடைப் பகுதி) தலையில் 'அப்போதே புனைவது போல' என்ற பொருளில் லிஸ்ட் குறித்திருக்கிறார். பெரும்பாலான கலைஞர்கள் அங்கே அச்சிட்ட சுரங்களைக் கொஞ்சம் இழுத்தும் நெகிழ்த்தியும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிஃப்ரா அந்தக் குறிப்பை அப்படியே நம்புகிறார். ஒரு சொற்றொடரின் முடிவில் நின்று, அடுத்தது எங்கே போகும் என்று தனக்கே தெரியாதது போலக் காத்திருந்து, பிறகு பாய்கிறார். சில இடங்களில் எழுதாததையும் சேர்க்கிறார். சுரக்குறிப்பு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இதைக் குற்றம் என்பார்கள். ஆனால் லிஸ்டும் மேடையில் ரசிகர்களிடம் மெட்டு வாங்கி அங்கேயே விரித்து வாசித்தவர்தானே. லிஸ்டின் ஏட்டை வாசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லிஸ்ட் வாசித்த முறை ஏறத்தாழ எப்படி இருந்திருக்கும் என்று காட்ட மிகச் சிலரே இருந்தார்கள், சிஃப்ரா அவர்களில் முதன்மையானவர். என் துணிபு இதுதான். உங்கள் ஆசிரியர் மறுத்தாலும் இதில் மாற்றமில்லை.

வாழ்க்கை அவரை நிம்மதியாக வாசிக்க விடவில்லை. 1942இல் திருமணம், அதே ஆண்டு ராணுவத்துக்கு இழுக்கப்பட்டு, கிழக்குப் போர்முனையில் கைதியானார். போர் முடிந்த பிறகு புடாபெஸ்டின் மதுக்கூடங்களிலும் இரவு விடுதிகளிலும் ஜாஸ் வாசித்துப் பிழைத்தார். 1950இல் குடும்பத்தோடு நாட்டைவிட்டுத் தப்ப முயன்று பிடிபட்டார். 1953 வரை சிறை, கட்டாய உழைப்பு, கட்டட வேலையில் கல் சுமத்தல். மணிக்கட்டின் தசைநார்கள் கெட்டன. பிற்காலத்தில் மேடையில் அவர் மணிக்கட்டில் தெரியும் தோல்பட்டை அந்தச் சேதத்தைத் தாங்குவதற்கானது. சிலர் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

விடுதலையாகி இரண்டே ஆண்டில், 1955இல், லிஸ்ட் பரிசு பெற்றார். 1956 அக்டோபர் 22 அன்று புடாபெஸ்டில் இருபதாம் நூற்றாண்டு ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), மாரியோ ரோஸ்ஸி இசைக்குழுவை நடத்த, வாசித்தார். மறுநாள் ஹங்கேரியப் புரட்சி வெடித்தது. அந்தக் குழப்பத்தில் மனைவியோடும் மகனோடும் எல்லை கடந்து வியன்னாவுக்கும், அங்கிருந்து பாரிஸுக்கும் போனார்.

அந்த அக்டோபர் 22 ஒலிப்பதிவு கிடைக்கிறது. சிஃப்ராவுக்கு லிஸ்டைத் தவிர எதுவும் தெரியாது என்று சொல்பவர்களிடம் இதைத்தான் கொடுக்க வேண்டும். இந்த கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் தந்தி வாத்தியங்களே கிடையாது. ஊது வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் மட்டும். மென்மையாகச் சாய்ந்துகொள்ளப் பியானோவுக்கு ஓர் இடமும் இல்லை. கலைஞர் விடாமல் அடர்த்தியான கொத்துச் சுரங்களை அடித்துக்கொண்டே போக வேண்டும். அதனால் கை களைத்து, பலர் பாதியில் தாளத்தைத் தளரவிடுவதுண்டு. மூன்றாண்டு கல் சுமந்த மணிக்கட்டு இதைச் செய்கிறது என்பதை நினைக்காமல் கேட்டாலும் அது அசலான பார்டோக் வாசிப்பு.

பிரான்சில் வாழ்க்கை விரைவாக மேலேறியது. 1968இல் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றார். ஷேஸ்-தியூ என்ற மலையூரின் மடாலயத் தேவாலயத்தில் 1966இல் இசைவிழா தொடங்கக் காரணமாக இருந்தார். பாரிஸுக்கு வடக்கே சென்லிஸ் நகரில் பாழடைந்து கிடந்த சான் ஃபிரம்பூர் தேவாலயத்தை விலைக்கு வாங்கிப் புதுப்பித்து, இளம் கலைஞர்கள் வாசிக்கும் அரங்காக்கினார்; அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஓவியர் மிரோ வரைந்தவை. 1981இல் மகன் தீ விபத்தில் இறந்தார். மகன் இசைக்குழு நடத்துநர், தந்தையோடு பல கான்செர்ட்டோக்கள் பதிவு செய்தவர். அதன் பிறகு சிஃப்ரா இசைக்குழுவோடு வாசிக்கவே இல்லை. 1994 ஜனவரி 15 அன்று மறைந்தார்.

இனி உங்கள் முன்கை. இதில் உங்கள் ஆசிரியர் பக்கம் நியாயம் அதிகம்.

பியானோவின் ஒரு கட்டையை அமுக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். அது இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். சுத்தியல் கம்பியைத் தொடும் முன்பே கட்டையிலிருந்து விடுபட்டுவிடும்; அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் ஒலிக்கு ஒன்றும் சேராது. அந்த அழுத்தம் திரும்பி உங்கள் மணிக்கட்டுக்கே வரும். ஒலியின் உரப்பு கட்டை இறங்கும் வேகத்தால் வருகிறது, அடியில் அழுத்திப் பிடிப்பதால் அல்ல. நீங்கள் பழகும் கடைசிப் பகுதியான ராப்சடியின் ஃபிரிஷ்காவில் வலது கை ஏறத்தாழ முழுக்க ஆக்டேவ்களாகவே (ஒரு சுரத்தையும் அதன் மேல் ஸ்தாயிச் சுரத்தையும் சேர்த்து அடிப்பது) ஓடுகிறது. ஓர் ஆக்டேவுக்குக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். விரித்த கையை விறைப்பாகப் பிடித்தபடி ஒவ்வொரு அடிக்கும் முன்கையை ஏற்றி இறக்கினால், விரிக்கும் தசையும் இறக்கும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். இரண்டு பக்கத்தில் பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சிஃப்ராவின் 1960களின் தொலைக்காட்சிப் படங்களில் அவர் கைகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கை கட்டைகளை விட்டு அதிகம் எழும்புவதில்லை. ஒரு முன்கை அசைவுக்குள் இரண்டு மூன்று ஆக்டேவ்கள் மணிக்கட்டின் துள்ளலில் அடங்கிவிடுகின்றன, ஓடும் தண்ணீரில் எறிந்த சில்லு தத்திப் போவதைப் போல. கறுப்புக் கட்டைகள் வெள்ளையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தும் உள்ளே தள்ளியும் இருப்பதால், அவற்றின் விளிம்பை ஒட்டியே கையை வைத்துக்கொள்கிறார். உள்ளே வெளியே போகும் அலைச்சல் இதனால் குறைகிறது.

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் இசையை அவர் ஆக்டேவ்களாக மாற்றிய வடிவத்தைப் பற்றியும் நீங்கள் வியந்திருப்பீர்கள். அங்கே அரைச்சுரங்களின் ஓட்டம் இரண்டு கைகளுக்கும் மாறி மாறிப் பங்கிடப்படுகிறது. நொடிக்குப் பத்து ஆக்டேவ் கேட்டால் ஒரு கை வாசிப்பது ஐந்துதான். கஷ்டம் வேகத்தில் இல்லை, சமநிலையில் இருக்கிறது: இடது கை ஒரு நூல் கனமாக விழுந்தாலும் ஓட்டம் நொண்டும். இரு கைகளும் ஒரே இடத்தில் மோதுவதால் ஒன்று உள்ளேயும் மற்றது விளிம்பிலும் தங்க வேண்டும். தனியாக ஒவ்வொரு கையையும் மெட்ரோனோமோடு (தாளம் தட்டும் கருவி) பழகி, ஒலி அளவு ஒன்றானதும்தான் இணைக்க வேண்டும்.

உங்கள் கருவியையும் பாருங்கள். 1821இல் எரார் என்ற பியானோ நிறுவனம் காப்புரிமை பெற்ற இரட்டை விடுபடல் அமைப்பு இருப்பதால், கிராண்ட் பியானோவில் கட்டை முழுதும் மேலே வருமுன்பே அதே சுரத்தை மறுபடி தட்டலாம். சிறுவன் லிஸ்ட் பாரிஸில் வாசித்தது எரார் பியானோக்களில்தான். இப்படிப்பட்ட திரும்பத் திரும்ப வரும் சுரங்களை அவர் துணிந்து எழுத இந்தப் பொறி துணையானது. நிமிர்ந்த பியானோவில் பொதுவாக இந்த வசதி கிடையாது. டிஜிட்டல் பியானோவில் ஒரு கட்டைக்கு இரண்டு உணரிகள் மட்டும் இருந்தால், கட்டை நன்றாக மேலெழுந்த பிறகே அடுத்த அடி ஒலிக்கும்; மூன்று உணரி உள்ளவற்றில் பாதியிலேயே ஒலிக்கும். உங்களுடையது இரண்டு உணரி வகையாக இருந்தால், சில ஆக்டேவ்கள் ஒலிக்காமல் விழுங்கப்படும். அதை உங்கள் பிழை என்று எண்ணி நீங்கள் மேலும் அழுத்துவீர்கள், கை மேலும் இறுகும்.

எனவே ஃபிரிஷ்காவை இப்போதைக்குப் பாதி வேகத்தில், மென்மையாக, நான்கு நான்கு தாள அடைப்புகளாக வாசியுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் கையை மூடித் தளரவிடுங்கள். கட்டைவிரலின் வரிசையை மட்டும் தனியே ஒருமுறை, சுண்டுவிரல் வரிசையை மட்டும் தனியே ஒருமுறை வாசியுங்கள். மேல் சுரம் தெளிவாகப் பாடினால் கீழ்ச் சுரம் மெலிந்திருந்தாலும் போதும். தொடக்கத்தில் மிகச் சிறிய ஒலியில் எடுங்கள். முதல் பக்கத்திலேயே முழு ஒலியையும் கொட்டிவிட்டால் முடிவில் உயர்த்த ஒன்றும் மிஞ்சாது. கை எரிந்தாலோ மரத்தாலோ அன்றைக்கு ஆக்டேவை நிறுத்திவிட வேண்டும். வலியோடு பழகினால் வலிமை வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தசைநார் உறை வீங்கினால் ஆற மாதங்கள் ஆகும்.

கேட்பதற்கு: முதலில் அவர் விரல்களைச் சூடேற்றத் தானாகப் புனைந்து வாசிக்கும் தொலைக்காட்சிப் படமும், லிஸ்டின் கிராண்ட் காலப் குரோமாட்டிக் என்ற வேக நடனத் துண்டும். பிறகு ஆறாவது ராப்சடியின் 1950களின் பதிவையும் 1970களின் பதிவையும் அடுத்தடுத்து. பின்னதில் வேகம் சற்று அடங்கி, மெதுவான பகுதி ஆழ்ந்திருக்கும்; எனக்குப் பின்னதே பிடிக்கும். மூன்றாவதாக இத்தாலியில் உள்ள வில்லா தெஸ்தே மாளிகையின் நீரூற்றுகளைப் பற்றி லிஸ்ட் முதுமையில் எழுதிய துண்டு. உரத்து வாசிக்க மட்டுமே தெரிந்தவர் என்ற எண்ணம் அங்கே கரைந்துவிடும். பழைய இசையமைப்பாளர்களான கூப்பரின், ஸ்கார்லாட்டியின் சிறு துண்டுகளையும் விட்டுவிடாதீர்கள்.

பியானோ இசையமைப்பாளர் ஷோபானின் எட்யூட்களை (பயிற்சித் துண்டுகள்) மட்டும் கடைசிக்கு வையுங்கள். அங்கே மனோதர்மம் அவருக்கு எதிராக வேலை செய்கிறது. ஷோபான் ஒவ்வொரு உள்குரலையும் நெய்து வைத்திருக்கிறார். சிஃப்ரா திடீரென்று முடுக்கும்போதும் நடுவில் ஓர் அழுத்தம் போடும்போதும் அந்த நெசவு கிழிகிறது. உங்கள் ஆசிரியரின் கோபம் அநேகமாக இங்கிருந்து வந்திருக்கும், இந்த இடத்தில் அவர் சொல்வது சரியே. அவரிடம் பார்டோக் பதிவைக் கொடுத்து, முதல் பகுதியை மட்டுமாவது கேட்கச் சொல்லுங்கள்.