வீட்டில் புலி, வெளியில் எலி – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் பக்கத்தை மூன்று வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் பிரிவு முழுவதையும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் மயர்ஸ்-பிரிக்ஸ் என்று ஓர் ஆளுமைச் சோதனை. எழுதியவரை நாலு எழுத்தால் ஒரு வகையில் சேர்க்கும். எனக்கு ஐ.என்.எஃப்.ஜே. என்று வந்தது. முதல் எழுத்துக்கு இன்ட்ரோவர்ட், அதாவது ஒதுங்கியிருப்பவர் என்று அர்த்தமாம். அந்த அறிக்கையைப் படித்தபோது என்னை ரொம்ப நாளாகப் பக்கத்தில் இருந்து பார்த்த யாரோ எழுதியது மாதிரி இருந்தது, உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் என் மேலாளர், உனக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று சொல்லி, வாடிக்கையாளர்கள் முன்னால் பேசுகிற வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று தெரிகிறது. வீட்டில் நான் வாயை மூடுவதே இல்லை சார், என் கணவரைக் கேட்டால் சொல்வார். என் மகனுக்குப் பதினான்கு வயது. அவனும் ஆன்லைனில் ஒரு சோதனை எழுதிவிட்டு, நான் இப்படித்தான், என்னை மாற்ற முடியாது என்கிறான். மனித குணத்தைப் பற்றி உளவியலில் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஃப்ராய்டு, யுங், பிக் ஃபைவ் என்று தேடிப் படித்துப் பார்த்தேன். ஒருவர் சொல்வதற்கும் இன்னொருவர் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் எதைத்தான் நம்புவது?

ச., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் மேலாளர் விஷயம், அதுதான் அவசரம். அந்தச் சோதனையை விற்கிறவர்களே, இதை வைத்து ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள், இது அதற்காகச் செய்ததல்ல என்று சொல்கிறார்கள். ஒருவருக்கு எது பிடிக்கும் என்றுதான் அது கேட்கிறது, எது முடியும் என்று கேட்பதில்லை. உங்களால் நாலு பேர் முன்னால் பேச முடியுமா என்பதற்கு அந்தத் தாளில் பதில் கிடையாது. இதை அவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அந்தச் சோதனையை உருவாக்கியவர்கள் ஒரு அம்மாவும் மகளும். கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ். இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. மகள் துப்பறியும் நாவல் எழுதியவர். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யுங் 1921இல் மனித வகைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அம்மாவுக்கு மனம் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது முதன்முறையாக வேலைக்கு வரும் பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க உதவலாமே என்று மகள் கேள்வித்தாள் தயாரிக்க ஆரம்பித்தார். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் யுங்கே முழு அகமுகன் (இன்ட்ரோவர்ட்), முழு புறமுகன் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்று யாரும் கிடையாது என்றுதான் சொன்னார். தனக்கும் ஃப்ராய்டுக்கும், ஃப்ராய்டிடமிருந்து பிரிந்துபோன இன்னொரு வியன்னா மருத்துவர் ஆட்லருக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வியும் அவரை அந்தப் புத்தகத்துக்குள் இழுத்த காரணங்களில் ஒன்று. ஆட்களைப் பெட்டியில் அடைப்பது அவர் வேலையாக இல்லை.

எல்லாருடைய உயரத்தையும் அளந்து நடுவில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர்கள் நெட்டை, கீழே இருப்பவர்கள் குட்டை என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பெரும்பாலானவர்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே இருப்பவருக்கு ஒரு பெயர், ஒரு விரல்கடை கீழே இருப்பவருக்கு நேர் எதிரான பெயர். கலகலப்பும் ஒதுக்கமும் அப்படித்தான், அது ஓர் அளவு, வகை இல்லை. சில வாரம் கழித்து அதே சோதனையை மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுவதற்கு இதுதான் காரணம். ஆள் மாறவில்லை, கோட்டைத் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்தச் சிலிர்ப்பு? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் அறிக்கையைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் சொன்னார், எல்லார் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை, பேப்பர் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். அதில் ஒரு வரி ஏறக்குறைய இப்படிப் போகும்: சில நேரம் நீங்கள் எல்லாரிடமும் கலகலப்பாகப் பழகுகிறீர்கள், சில நேரம் ஒதுங்கி எச்சரிக்கையாக இருக்கிறீர்கள். இது யாருக்குத்தான் பொருந்தாது? உங்களுக்குச் சிலிர்த்தது பொய் என்று சொல்லவில்லை. நம்மை யாராவது உட்கார்ந்து கவனித்து நாலு வரி எழுத மாட்டார்களா என்ற ஏக்கம் எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் சிலிர்ப்பு சாட்சி ஆகாது.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஃப்ராய்டும் மற்றவர்களும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொன்னவர்கள் இல்லை, ஆளுக்கொரு கேள்வி கேட்டவர்கள். அதனால்தான் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிகிறது. வியன்னாவில் நோயாளிகளைப் படுக்கவைத்து மணிக்கணக்காகக் கேட்ட ஃப்ராய்டுக்கு, தனக்கே தெரியாத காரணத்தால் ஒரு மனிதன் ஏன் ஒன்றைச் செய்கிறான் என்பதுதான் புதிர். 1923இல் அவர் மனத்தை மூன்றாகப் பிரித்தது, ஆசை ஒரு பக்கம், அதட்டல் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் ‘நான்’ என்று, அதற்கான பதில். ஆட்லர் தாழ்வுணர்ச்சியைப் பிடித்துக்கொண்டார். இவர்களிடம் இருக்கும் சிக்கலை, இளம் வயதில் ஆட்லரோடு வேலை செய்த தத்துவவாதி கார்ல் பாப்பர் ஓர் உதாரணத்தால் காட்டினார். ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளுகிறான், இன்னொருவன் குழந்தையைக் காப்பாற்றக் குதிக்கிறான். தள்ளியவனுக்கும் தாழ்வுணர்ச்சி, குதித்தவனுக்கும் தாழ்வுணர்ச்சி. என்ன நடந்தாலும் பொருந்துகிற விளக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

சோதிக்க முடிந்த ஒன்றும் ஆட்லரிடம் உண்டு, பிறந்த வரிசை. மூத்தது மோழை, இளையது காளை என்று நாம் சொல்வதில்லையா, அந்த ரகம். 2015இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் இருபதாயிரம் பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள். மூத்தவர் இளையவர் என்பதற்கும் குணத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தொடர்பும் தென்படவில்லை. நம் பழமொழியும் அதோடு போயிற்று.

பிக் ஃபைவ் வந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது அகராதியில் தொடங்குகிறது. மனிதர்களிடம் முக்கியமான வித்தியாசம் எதுவாக இருந்தாலும் காலப்போக்கில் அதற்கு மொழியில் ஒரு சொல் வந்துவிடும் என்பது அடிப்படை நம்பிக்கை. 1936இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டி மனிதரை விவரிக்கும் சொற்களை எடுத்தார்கள். ஏறத்தாழ 18,000 தேறியது. நிலையான குணத்தைச் சொல்பவை என்று வடிகட்டியதில் நாலாயிரத்து ஐந்நூறு. பிறகு வந்தவர்கள், எந்தச் சொல் பொருந்தும் ஆளுக்கு எந்தச் சொல்லும் கூடவே பொருந்துகிறது என்று கணக்குப் போட்டுச் சுருக்கிக்கொண்டே போனார்கள். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் பதினாறில் நிறுத்தினார். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆராய்ந்த இருவருக்கு ஐந்து வந்தது, அந்த ஐந்துதான் திரும்பத் திரும்ப வந்தது. புதியதில் நாட்டம், பொறுப்போடு ஒழுங்காகச் செய்வது, கலகலப்பு, இணக்கம், மனம் எளிதில் கலங்குவது. ஒவ்வொன்றிலும் நமக்கு ஓர் அளவு உண்டு, வகை கிடையாது. ஒன்றை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால் இதைத்தான் காட்டுவேன், அதுவும் எல்லை தெரிந்து. பொலிவியாவில் சிமானே என்ற பழங்குடியினரிடம் இதே கேள்விகளைக் கேட்டு 2013இல் வெளியிட்டார்கள், அங்கே ஐந்து தூண்களும் தனித்தனியாக எழும்பி நிற்கவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து நானும் ஒரு நோட்டில் தமிழ்ச் சொற்களை எழுதிவருகிறேன். பேசாமல் இருப்பவருக்கு மட்டும் பாருங்கள்: அமுக்குணி, சங்கோஜி, உம்மணாமூஞ்சி, அழுத்தக்காரி, ஊமைக்கோட்டான், சாது. எல்லாரும் வாய் திறக்காதவர்கள்தான். ஆனால் அமுக்குணி பேசாததில் ஒரு காரியம் இருக்கும், சங்கோஜி பேசாததில் கூச்சம், உம்மணாமூஞ்சி பேசாததில் கோபம், அழுத்தக்காரி பேசாததில் விட்டுக்கொடுக்காத ஒரு பிடி. இன்ட்ரோவர்ட் என்ற ஒரே சொல் இத்தனை பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறது. உங்கள் ஆபீசில் நீங்கள் இதில் யார்? அந்தத் தாள் அதைக் கேட்கவே இல்லை.

இன்னும் ஒன்றையும் அது கேட்கவில்லை: எங்கே, யாரோடு, எந்த மொழியில்?

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தேக்கா சந்தையில் அவரைப் பார்க்க வேண்டும். மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, நிறம் மங்கியிருந்தால் அப்படியே கீழே விட்டுவிட்டு, "மஹால் லா, தவுக்கே" (விலை ஜாஸ்தி, முதலாளி) என்று சந்தை மலாயில் ஆரம்பித்தால் அந்தச் சீனக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே விலையை இறக்கும்வரை நகர மாட்டார். அதே அம்மா பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் சீட்டை நாலாக மடித்துக் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாதி ஆங்கிலத்தில் எது கேட்டாலும் "யெஸ்". வலி இருக்கிறதா, யெஸ். வலி போய்விட்டதா, யெஸ். என் முகத்தைப் பார்ப்பார், நான் பதில் சொல்வேன். ஒருநாள் பாதியில் வேறொரு தாதி வந்தார், தமிழ்ப் பெண். "எப்ப இருந்தும்மா கால் வலிக்குது?" என்று ஒரே கேள்விதான். அம்மா சீட்டை மடியில் வைத்துவிட்டு, முட்டியில் ஆரம்பித்து, தூக்கம் வராதது, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவது, எனக்கே தெரியாத ஒரு மயக்கம் வரைக்கும் சொன்னார். அதே அறை, அதே நாற்காலி, ஐந்து நிமிட இடைவெளி. மாறியது மொழி மட்டும்தான். இத்தனை வருடம் அம்மாவை வெளியில் பேசத் தெரியாதவர் என்றே நினைத்திருந்தேன். அந்த மயக்கம் எனக்குத் தெரியாமல் போனதற்கு அந்த நினைப்புதான் காரணம் என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆய்வும் இதைப் பார்த்திருக்கிறது. ஸ்பானிஷும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் பிக் ஃபைவ் கேள்விகளை இரண்டு மொழியிலும் கொடுத்தபோது, ஆங்கிலத்தில் எழுதிய பதிலில் கலகலப்பு சற்றுக் கூடுதலாக வந்தது, 2006இல் வெளியான முடிவு. ஆள் ஒருவரே. வீட்டில் ஒரு மொழி, ஆபீசில் ஒரு மொழி என்று வாழும் நம் ஊரில் இதை எவ்வளவு கவனிக்க வேண்டும்!

வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் 1968இல் கிளப்பிய சண்டை இதுதான். ஃப்ராய்டு வாழ்ந்த அதே வியன்னாவில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். ஓர் இடத்தில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து இன்னோர் இடத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று கணித்தால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம் என்று கணக்கோடு காட்டினார். குணம் என்று ஒன்றே கிடையாது என்கிறார் என்று பலர் கோபப்பட்டார்கள். அவர் சொன்னது அதுவல்ல. பிறகு அவரும் கூட்டாளிகளும் ஒரு கோடைக்கால முகாமில் சிறுவர்களை வாரக்கணக்கில் கவனித்தார்கள். ஒரு பையன் பெரியவர்கள் எச்சரித்தால் சீறுவான், கூட இருக்கும் பையன்கள் சீண்டினால் பேசாமல் போவான். இன்னொருவன் நேர்மாறு. கூட்டிக் கழித்தால் இருவருக்கும் ஒரே அளவு முரட்டுத்தனம்தான், ஆனால் எங்கே சீறுவான், எங்கே அடங்குவான் என்ற அமைப்பு ஒவ்வொருவனுக்கும் தனி, அது நாளைக்கு நாள் மாறவும் இல்லை. வீட்டில் புலி, வெளியில் எலி என்று சொல்கிறோமே, அதைக் குறையாகத்தான் சொல்கிறோம். மிஷல் வழியில் பார்த்தால் அதுவே அந்த ஆளின் கையெழுத்து.

உங்கள் மகனுக்கு: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதில் பாதிதான் உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவதில் ஏறத்தாழ பாதிக்குப் பிறப்பு காரணம் என்று வருகிறது. ஆனால் வயது ஏற ஏறப் பொறுப்பும் இணக்கமும் கூடுவதும் மனக்கலக்கம் குறைவதும் பல நாடுகளில் பொதுவாகப் பார்த்திருக்கிறார்கள். பதினான்கில் எழுதிய சோதனை இருபத்தி நாலுக்குச் செல்லாது. இன்னும் நாலைந்து வருடத்தில் தேசிய சேவைக்கு, அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போவான். வாயே திறக்காத என் அக்கா மகன் அங்கே போய் ஏழு பேரை வேலை வாங்கிக்கொண்டிருந்ததை, விடுமுறையில் வந்தபோது போனில் அவன் பேசும் குரலில் கேட்டேன்.

மேலாளரிடம் பழைய வேலை முழுவதையும் திருப்பிக் கேட்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்துக்குப் பத்து நிமிடம் கேளுங்கள். முந்தின நாள் ராத்திரி அதையே உங்கள் கணவரிடம் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், சண்டை போடுகிற வேகத்தில். பிறகு ஆங்கிலத்தில். எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள். மகனை அவன் பாட்டி என்ன சொல்லித் திட்டுவார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், என் நோட்டில் இன்னும் இடம் இருக்கிறது.